கரடியின் சுண்டுவிரல்

நேரலை தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது முதலில் மின்விசிறிகளை நிறுத்துவோம். அவற்றின் இரைச்சல் மைக்கில் ஏறினால், எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அருங்காட்சியகமே ஆகாய விமானத்தில் பறப்பதுபோல் கேட்கும். அடுத்து கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்போம். பிறகு, தரையில் ஒட்டியிருக்கும் சிவப்பு டேப்பின் மேல் அக்கா ஒரு தடவை நடந்து பார்ப்பாள். எந்த டேப்பில் நின்றால் யானையின் மண்டையோடு படத்தில் விழும், எதில் நின்றால் கரடி விழும் என்பது அவள் காலுக்கே தெரியும். இருந்தாலும் நடந்து பார்ப்பாள். நான் நோட்டில் குறித்துக்கொள்வேன்.

அக்கா என்று நான் சொல்வது அருங்காட்சியகத்தின் நேரலை ஆசிரியையை. பஸ் பிடித்து இங்கே வர முடியாத பள்ளிக்கூடங்களுக்காக, கேமராவைச் சக்கரம் வைத்த தாங்கியில் ஏற்றி, கூடம் கூடமாக உருட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டுகிறோம். அக்கா பேசுவாள், பிள்ளைகள் அங்கிருந்தே கேள்வி கேட்பார்கள், அவள் பதில் சொல்வாள். கேமராவும் கணினியும் என் பொறுப்பு. அக்காவின் காதில் ஒரு சின்ன இயர்போன் இருக்கும். அதில் நான் பேசினால் அவளுக்கு மட்டும் கேட்கும்.

நான் அவள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன். மாலையில் ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். அங்கே தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "நடந்ததை நடந்த வரிசையில் எழுது, உன் கருத்து வேண்டாம்" என்பது எங்கள் ஆசிரியரின் கட்டளை. வரிசை எனக்கு வரும். கருத்தை எங்கே நிறுத்துவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. எந்நேரமும் கையில் நோட்டு இருப்பதால் அந்த வீட்டில் என் பெயரே நோட்டு.

அக்காவின் கணவர் எலும்புக்கூடு கோக்கிறவர். அவரை அண்ணன் என்று கூப்பிடுகிறேன். அருங்காட்சியகத்தின் பின்பக்கம் அவருடைய பட்டறை. பெட்டியில் வந்து சேரும் எலும்புகளைக் கழுவி, காயவைத்து, வரிசைப்படுத்தி, துளையிட்டு, கம்பி கோத்து நிறுத்துவார். கூடத்தில் நான்கு காலில் நடந்துகொண்டிருக்கும் கரடி அவர் கோத்ததுதான். அவர்களுடைய மகள் பிறந்த மாதத்தில் அதைக் கோத்து முடித்தார். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. வீட்டில் அவளை வாலு என்பார்கள். பொருத்தமான பெயர்.

அண்ணனிடம் ஒரு குறை உண்டு. இடது, வலது என்ற சொற்கள் அவர் வாயில் மாறித்தான் வரும். "இடது பக்கம் திருப்புங்க" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு வலது பக்கம் கையை நீட்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாசலில் சிதறிக் கிடக்கும் எல்லார் செருப்பையும் ஜோடி சேர்த்து வைப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு ஜோடியிலும் இடதும் வலதும் இடம் மாறியிருக்கும். "மனுஷன் கோக்குற எலும்பெல்லாம் எப்படித்தான் நடக்குதோ" என்று சொல்லிக்கொண்டே அக்கா குனிந்து ஒவ்வொன்றாக மாற்றி வைப்பாள். தினமும் நடப்பதால் இதை நான் நோட்டில் எழுதுவதை நிறுத்தியிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை மழை. கூரையில் விழும் சத்தத்துக்கு மேலே பேசவேண்டியிருந்ததால் அக்காவின் குரல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. கரடிக்கு முன்னால் நின்றபோது, திரையில் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. மஞ்சள் ரிப்பன் கட்டிய பெண்.

"மிஸ், ஒரு டவுட்டு."

"கேளுடா கண்ணு."

"கரடியோட பின்னங்கால் ரெண்டும் மாறியிருக்கா மிஸ்? நம்ம கால்ல பெரிய விரல் உள்பக்கம் இருக்கு. அதுக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம் இருக்கே. இந்தக் கால அந்தப் பக்கமும் அந்தக் கால இந்தப் பக்கமும் மாட்டிட்டாங்களா?"

அக்கா திரும்பிக் கரடியின் பாதத்தைப் பார்த்தாள். நூறு தடவைக்கு மேல் அந்தக் கரடியைக் காட்டியிருக்கிறாள். பல்லைக் காட்டுவாள், நகத்தைக் காட்டுவாள். விரலின் வரிசையை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எட்டு விநாடி பேச்சில்லை. நேரலையில் எட்டு விநாடி என்பது கிணற்றில் போட்ட கல்லின் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல.

நான் அவள் காதில் சொன்னேன்: "படம் திரும்பித் தெரியுதுன்னு சொல்லுங்கக்கா. கண்ணாடி மாதிரி."

ஏன் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். அக்கா பார்த்துப் பேசுவதற்காகக் கேமரா பக்கத்தில் ஒரு சின்னத் திரை இருக்கும். அவள் கையை நீட்டும் பக்கமே படத்திலும் கை நீளவேண்டும் என்பதற்காக, அந்தத் திரையில் மட்டும் படத்தை இடவலமாகத் திருப்பி வைத்திருக்கிறோம். திருப்பி வைத்தவளே நான். பள்ளிக்கூடங்களுக்குப் போகும் படம் நேரானதுதான் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நேரம் என் கண் சின்னத் திரையில் இருந்தது, வாய் முந்திக்கொண்டது.

அக்கா அதை அப்படியே சொன்னாள். "அது ஒண்ணுமில்லடா, கேமராவுல கண்ணாடி மாதிரி திரும்பித் தெரியும். அதான் உனக்கு மாறித் தெரியுது."

வகுப்பு சிரித்தது. மஞ்சள் ரிப்பன் உட்கார்ந்தாள். நோட்டில் 'கேள்வி: கரடிக் கால். விடை: கண்ணாடி' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை அந்தப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. கையால் எழுதியதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன்.

'வணக்கம் மிஸ். நான் மூன்றாவது பெஞ்சில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்த பெண். படம் திரும்பித் தெரிந்தால் கரடியின் பெயர்ப்பலகையும் திரும்பித் தெரியவேண்டும். ஆனால் எழுத்து நேராக இருந்தது, நான் வாசித்தேன். வீட்டில் கண்ணாடி முன்னால் செருப்பில்லாமல் நின்றும் பார்த்தேன். கண்ணாடியிலும் என் பெரிய விரல் உள்பக்கம்தான் இருக்கிறது. வகுப்பில் எல்லாரும் என்னைக் கண்ணாடி என்று கூப்பிடுகிறார்கள். கரடியின் கால் மாறியிருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் மிஸ்.'

வியாழக்கிழமை அந்த வகுப்பு மறுபடியும் வரும் என்று கீழே ஆசிரியை குறிப்பு எழுதியிருந்தார். அக்கா கடிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டாள். "அவர்கிட்ட இப்ப சொல்லாத நோட்டு. நேரம் பார்த்து நானே சொல்றேன்" என்றாள்.

அந்த நேரத்தை வாலு பார்த்துவிட்டாள். அன்று இரவு, நான் வகுப்பு முடிந்து வந்தபோது, ரொட்டியும் உருளைக்கிழங்கும் மேசைக்கு வந்திருந்தன. பென்சில் தேடுகிறேன் என்று அம்மாவின் பையைக் குடைந்தவள் கடிதத்தோடு வந்தாள்.

"அப்பா, நீ கரடிக்குக் கால மாத்தி மாட்டிட்டியாமே?"

அண்ணன் சிரித்தார். "யாருடி சொன்னா? கரடி வந்து சொல்லுச்சா?"

"மஞ்சள் ரிப்பன்னு ஒருத்தி எழுதியிருக்கா. படிக்கவா?"

"குடுடி இங்க!" என்று அக்கா எழுந்தாள். அதற்குள் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கியிருந்தார். இரண்டு தடவை படித்தார்.

"நல்ல புள்ள. கண்ணு இருக்கு இதுக்கு. கண்ணாடி முன்னாடி வேற நின்னு பார்த்திருக்கு பாரு." பிறகு தலை நிமிர்ந்தார். "கண்ணாடின்னு யாரு சொன்னது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"ஏன்?"

"திடீர்னு கேட்டுட்டா. என்ன சொல்றதுன்னு தெரியல."

"தெரியலன்னு சொல்றது."

"உங்க மேல தப்பு வந்துடக் கூடாதேன்னுதான்…"

"என்ன தப்பு?"

அக்கா ரொட்டியைப் பிய்த்தாள். அண்ணன் கடிதத்தை மேசையில் வைத்தார். "அப்போ மாறித்தான் இருக்குன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

"அப்படி இல்லங்க. வாலு பொறந்த மாசம் அது. நீங்க தூங்கவே இல்ல. ஒரு தோள்ல இவ, ஒரு கையில எலும்பு. அதுவும் உங்களுக்கு இடது வலது…" நிறுத்தினாள். ஆனால் வண்டி சரிவில் இறங்கிவிட்டது.

"சொல்லு."

"செருப்பக்கூட மாத்தித்தான வைக்கிறீங்க."

"செருப்ப நான் பார்த்து வைக்கிறதில்ல. எலும்ப நான் பார்க்காம வச்சதில்ல" என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. "கால் சரியாத்தான் இருக்கு."

"எப்படிங்க? பெரிய விரல் வெளியில இருக்கே?"

"நான் சொன்னா போதாதா?"

'போதும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அக்காவுக்குப் பொய் வராது. நான் சொல்லிக்கொடுத்தால்தான் வரும். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். "அண்ணே, கண்ணாடின்னு காதுல சொன்னது நான்தான்."

"தெரியும். அவளுக்கு அதெல்லாம் தோணாது." குழாயை மூடினார். "நீ தப்பாச் சொன்னது கேமராவப் பத்தி. அவ தப்பா நெனச்சது என்னப் பத்தி. ரெண்டும் வேற, நோட்டு. பட்டறை அங்கிருந்து முப்பது அடி. ஒரு எட்டு வந்து, 'ஏங்க, இது என்ன இப்படி இருக்கு'ன்னு கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா வச்சிருப்பேன்?"

மறுநாள் காலை கூடத்துக்குப் போனபோது கரடியின் மேல் சாம்பல் நிறத் துணி போர்த்தியிருந்தது. 'பராமரிப்பில் உள்ளது' என்று அட்டை. அண்ணன் எழுதிய கடிதத்தோடு கண்காணிப்பாளர் அக்காவைத் தேடி வந்தார்.

"என்னம்மா இது? 'பாதங்கள் குறித்து ஐயம் எழுந்திருப்பதால், வெளியிலிருந்து வேறொருவர் வந்து சரிபார்க்கும்வரை பின்னங்கால்களைக் கழற்றி வைக்க அனுமதி வேண்டும்'. யாருக்கு ஐயம்? உங்க வீட்டுச் சண்டைக்கு என் கரடி என்ன பாவம் பண்ணுச்சு?"

"கொஞ்சம் பொறுங்க சார்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்குறேன். அதுக்குள்ள கோத்தவரே வந்து துணிய எடுத்தாச் சரி. இல்லன்னா கழட்டித்தான் ஆகணும். வெளியாளு எப்ப வருவான்னு எனக்கே தெரியாது. கால் இல்லாத கரடிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அக்காவுக்குக் கரடி போவது பெரிதில்லை. அதைக் கழற்றுகிற கை அண்ணனுடையதாக இருக்கும் என்பதுதான் அவளை உலுக்கியது. அவர் தன் கையாலேயே அதை அவிழ்த்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன கோத்தாலும் நிற்காது என்று நினைத்தாள். அவள் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. இது என் கருத்துதான். நோட்டில் இதை அடிக்காமல் விடுகிறேன்.

செவ்வாயும் புதனும் வீட்டில் பேச்சுவார்த்தை வாலு வழியாக நடந்தது.

"அம்மா, குடை எங்கன்னு அப்பா கேக்குறாரு."

"உங்கப்பா கையிலதான் இருக்குன்னு சொல்லு."

"அப்பா, உன் கையிலதான் இருக்காம்."

"சரின்னு சொல்லு."

"அம்மா, சரியாம். நான் ஸ்கூலுக்குப் போகவா, இல்ல உங்களுக்கு இன்னும் ஏதாவது சொல்லணுமா? வழியில யோசிச்சு வச்சுக்கோங்க, சாயங்காலம் வந்து சொல்றேன்."

அந்த இரண்டு நாளும் அண்ணன் வாசலில் செருப்பை அடுக்கவில்லை. அவை கழற்றிய இடத்திலேயே கிடந்து மழையில் நனைந்தன. வாலுவின் ஒரு செருப்பு சாக்கடை ஓரம் வரை போய்விட்டது. அக்கா வாசலுக்கு வந்து, மாற்றி வைக்க எதுவும் இல்லாமல், சும்மா நின்றுவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை மதியம் நான் அருங்காட்சியக நூலகத்தில் உட்கார்ந்து மூன்று புத்தகங்களைப் புரட்டினேன். மூன்றாவதில் கரடியின் பின்னங்கால் படம் இருந்தது. பார்த்ததும் எனக்கு மூச்சே திரும்ப வந்தது. ஓடினேன். அக்கா ஆமை ஓட்டுப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பார்த்துட்டேன். கரடிக்கு…"

"சொல்லாத."

"நல்ல சேதிக்கா!"

"எதுவா இருந்தாலும் சொல்லாத." துணியைப் பிழிந்தாள். "நீ சொன்னதுக்கு அப்புறம் நான் போய், 'ஏங்க, உங்கள நம்புறேன்'னு சொன்னா, அது அவரை நம்புனதா, புத்தகத்த நம்புனதா?"

"நாளைக்கு அந்தப் பொண்ணு கேப்பாளேக்கா?"

"கேக்கட்டும். தெரியாதுன்னு சொல்றேன். போன வாரமே சொல்லியிருக்கணும்." கொஞ்சம் துடைத்தாள். "பதினொரு வருஷமா அந்த மனுஷன் கூட இருக்கேன். உப்பு ஜாடியும் சர்க்கரை ஜாடியும் மாத்தி வைப்பாரு. சட்டைப் பட்டன மாத்திப் போடுவாரு. ஆனா வாலு ரெண்டு கிலோவுல பொறந்தாளே, தூக்கவே எனக்குக் கை நடுங்கிச்சு. அவரு கையில ஒரு நாள் நடுக்கம் பார்த்ததில்ல. அது எனக்கு அந்த எட்டு விநாடியில ஞாபகம் வரல பாரு. அதுதான் நோட்டு என் தப்பு."

எட்டு விநாடி என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவளும் எண்ணியிருக்கிறாள்.

வியாழக்கிழமை. மழை விட்டிருந்தது. மின்விசிறிகளை நிறுத்தினோம், கண்ணாடிகளைத் துடைத்தோம். அக்கா டேப்பில் நடந்து பார்க்கவில்லை. நேராகக் கரடியின் டேப்பில் போய் நின்றாள். பின்னால் சாம்பல் துணி. திரையில் வகுப்பு வந்ததும் மூன்றாவது பெஞ்சைத் தேடினேன். மஞ்சள் ரிப்பன் இருந்தாள். கை தூக்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் அக்கா. "பல்லப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். போன வாரம் மூணாவது பெஞ்சு ஒரு கேள்வி கேட்டா. நான் கண்ணாடி அது இதுன்னு ஒரு பதில் சொன்னேன். அது தப்பு. உங்களுக்கு வர்ற படம் நேரானதுதான். அந்தப் பொண்ணு ரெண்டு விதமாச் சோதிச்சுப் பார்த்து எனக்கு எழுதியிருக்கா. அவ சோதிச்சது ரெண்டுமே சரி."

மஞ்சள் ரிப்பன் பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ கால் மாறித்தான் இருக்கா மிஸ்?"

"எனக்குத் தெரியாது."

வகுப்பு ஆசிரியைகூட நிமிர்ந்தார்.

"இந்தக் கரடியக் கோத்தது எங்க வீட்டுக்காரர். அவர் தப்புப் பண்ணிட்டாரோன்னு பயந்துதான் நான் உங்ககிட்ட எதையோ சொல்லி மழுப்புனேன். அவரு சரியா இருக்குன்னு சொல்றாரு. நான் நம்புறேன். நான் அவர் கையப் பார்த்தவ, அதனால நம்பலாம். நீங்க நம்ப வேணாம். நீங்க கண்ணால பார்த்துத்தான் ஆகணும். அதைக் காட்ட எனக்குத் தெரியாது. துணிய எடுக்கவும் எனக்கு உரிமை இல்ல. கோத்தவர்தான் வரணும்."

அவள் மைக்கில் பேசினாலும், பார்த்தது பட்டறைக் கதவை. கதவு பாதி திறந்திருந்தது. நான் விநாடி எண்ணத் தொடங்கினேன். பத்து. பதினைந்து. நேரலையில் இவ்வளவு நீளமான அமைதியை நான் அனுமதித்ததே இல்லை. காதில் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

பத்தொன்பதில் அண்ணன் வந்தார். பட்டறை ஏப்ரன், கையில் திருப்புளி. கேமராவைப் பார்க்கவில்லை. அக்காவிடம், "இந்தப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் வேணும்" என்றார். திங்கட்கிழமைக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"நோட்டு, வெளிச்சம்" என்றாள் அக்கா.

துணியை உருவினார். கரடியின் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு காலைத் தொட்டார். "இப்போ, இந்த இடது காலப் பாருங்க."

நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்: "அது வலது!"

அண்ணன் விழித்தார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, பேரு என்னவோ இருக்கட்டும்" என்றார். "எல்லாரும் செருப்பக் கழட்டுங்க. கணுக்கால்ல வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்க. முண்டு மாதிரி ஒண்ணு இருக்கா? முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு. ஒண்ணு தடிமன், ஒண்ணு மெலிசு. மெலிசு எலும்போட நுனிதான் அந்த முண்டு. அது எப்பவும் வெளிப்பக்கம்தான். கரடிக்கும் அப்படித்தான். இதோ மெலிசு. இது எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கம்!"

"அப்போ கால் எலும்பு மாறல. பாதம் மட்டும் மாறியிருக்குமோ?" இரண்டு திருகைத் தளர்த்தி, ஒரு பாதத்தை முழுசாகக் கையில் எடுத்தார். இன்னொரு பாதத்தையும் கழற்றினார். முதல் பாதத்தை மறு காலில் வைத்தார். பொருந்தவில்லை. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். ஆடியது. "உக்காராது. செருப்ப மாத்திப் போடலாம். பாதத்த மாத்திப் போட முடியாது." பிறகு அதனுடைய காலிலேயே வைத்தார். 'டக்' என்றது. மைக்கின் ஒலியைக் கூட்டி வைத்திருந்தேன். அந்த 'டக்' வகுப்பறை வரைக்கும் போனது.

"நமக்கு உள்பக்க விரல் பெருசு. கரடிக்கு வெளிப்பக்க விரல் பெருசு. நமக்குச் சுண்டுவிரல் எங்க இருக்கோ, அங்கதான் அதுக்குப் பெரிய விரல். அது பொறப்புலயே அப்படி. ராத்திரி முழுக்கத் தூங்காமத்தான் இதக் கோத்தேன். தூங்கலையேன்னுதான் ஒவ்வொரு விரலையும் மூணு தடவ பார்த்தேன்." கடைசி வரியைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை, அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"நான் ஒரு தடவகூடப் பார்க்கல" என்றாள் அக்கா. "வந்து கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்றார் அண்ணன். "சரி, அந்தத் திருகு குடு."

"மிஸ், அப்போ நான் கேட்டது தப்பா?" என்றாள் மஞ்சள் ரிப்பன். அவள் ஒரு காலைப் பெஞ்சின் மேலேயே தூக்கி வைத்திருந்தாள்.

"நீ கேட்டது சரி. நான் சொன்னதுதான் தப்பு. இனிமே உன்ன யாராவது கண்ணாடின்னு கூப்பிட்டா என்கிட்ட சொல்லு."

"இனிமே அப்படிக் கூப்பிட மாட்டாங்க மிஸ். கரடின்னு கூப்பிடுவாங்க."

வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள். நோட்டில் போன வாரப் பக்கத்தைத் திருப்பி, 'கண்ணாடி' என்பதை அடித்துவிட்டு, 'சுண்டுவிரல்' என்று எழுதினேன். பற்களைப் பற்றிப் பேச நேரமில்லாமல் போனது.

அன்று மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தன. எல்லா ஜோடியும் வழக்கம்போல் இடம் மாறித்தான். வாலு தன்னுடையதை அப்படியே மாட்டிக்கொண்டு, "நான் கரடி, நான் கரடி" என்று முற்றத்தில் தொப்புத் தொப்பென்று நடந்தாள். அக்கா ரொட்டி மாவுக் கையோடு வெளியே வந்தாள். பழக்கத்தில் குனிந்தவள், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க, இத இப்படியே விட்டுரவா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"எத?" என்றார் அண்ணன் உள்ளிருந்து.

"ஒண்ணுமில்ல."

நானும் என் செருப்பை மாற்றாமல் அப்படியே போட்டுக்கொண்டு நடந்தேன். தெருமுனை வரைக்கும்தான் முடிந்தது. கால் வலித்தது, மாற்றிக்கொண்டேன்.